பண்டிகைக் காலத்தில் சொல்லும் ஸ்தோத்திரமும் அன்றாட வாழ்வின் விசுவாசமும்

தேரிக்காட்டான் | டிசம்பர் 7

உறவுகள் அனைவருக்கும் வணக்கம். வருட முடிவு ஆராதனையின் ஒழுங்குகளைப் பேசுவதற்காக எங்கள் சபையார் கடந்த வாரம் கூடியிருந்தோம். நட்சத்திரம் கட்டுவது, கீத பவனி எந்தெந்தத் தெருவுக்கு என்றைக்குப் போவது, குடிலுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் வழக்கம்போல விரைவில் முடிந்துவிட்டன. பெற்ற நன்மைகளைச் சபையார் எழுந்து சொல்லும் சாட்சி நேரத்தைப் பற்றிப் பேச்சு வந்தபோதுதான் எவரும் வாய் திறக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும்.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை தொடங்கி மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 செண்டிமீட்டரும் திருச்செந்தூரில் 69 செண்டிமீட்டரும் மழை கொட்டித் தீர்த்ததை இங்கே உள்ள பலருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அதற்கு ஒரு வாரத்தில் கிறிஸ்துமஸ் வந்தது. அந்த ஆண்டின் கடைசி இரவில் எங்கள் ஆலயத்தில் ஒரு சகோதரர் எழுந்து, தெருவில் எல்லா வீடுகளிலும் தண்ணீர் புகுந்தபோதும் தம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டது என்றும், கர்த்தர் தம் குடும்பத்தைத் தனியாகப் பிரித்துக் காத்தார் என்றும் கண்ணீரோடு சாட்சி சொன்னார். அவர் சொன்னது உண்மை. அவர் கண்ணீரும் உண்மை. ஆனால் அவருக்கு இரண்டு வரிசை பின்னால், மண்சுவர் கரைந்து வீடே இல்லாமல் போன ஒரு தாய், பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து இரவல் சேலையில் வந்து உட்கார்ந்திருந்தார். சபையாரோடு சேர்ந்து அவரும் ஆமென் சொன்னார்.

இரண்டு ஆண்டுகள் ஆகியும் அந்த ஆமென் என்னை விடவில்லை. நம் பக்கத்து ஊர்களில் டிசம்பர் மாதம் முழுவதும் ஸ்தோத்திரம் என்ற சொல் ஓய்வதே இல்லை. காணிக்கை உறையில் அது அச்சாகியிருக்கிறது, குருவானவர் வாசிக்கும் பட்டியலில் பெயருக்குப் பெயர் வருகிறது, கீத பவனியில் ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் ஜெபமாக ஏறெடுக்கப்படுகிறது. ஒருவர் தப்பியதற்குச் சொல்லும் நன்றி, தப்பாதவரைக் கூடத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடுமானால் அதை எப்படிச் சொல்வது? ஜனவரி பிறந்து நட்சத்திரத்தை இறக்கிய பிறகு, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில் அந்த நன்றிக்கு உங்கள் வீட்டில் என்ன உருவம் இருக்கிறது? பிரசங்கத்தில் கேட்டதைவிட, நீங்கள் கைக்கொள்வதை எழுதினால் பயனாக இருக்கும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | டிசம்பர் 7

தம்பி, லூக்கா சுவிசேஷத்தில் ஜெபிக்கத் தேவாலயத்துக்குப் போன பரிசேயனை நினைத்துப் பாருங்கள். அவனும் ஸ்தோத்திரத்தோடுதான் தொடங்குகிறான். மற்ற மனிதரைப் போலவும், அங்கே நிற்கிற ஆயக்காரனை, அதாவது வரி வசூலிப்பவனைப் போலவும் தான் இல்லாததற்காக நன்றி சொல்கிறான். பக்கத்தில் நிற்பவனின் தாழ்வு இல்லாமல் அந்த நன்றியைச் சொல்லவே முடியாது. உங்கள் சபையின் சகோதரரைப் பரிசேயன் என்று நான் சொல்ல மாட்டேன். மரண பயத்திலிருந்து மீண்டவர் வாயில் வந்ததைச் சொன்னார். ஆயினும் ஒப்பிட்டுச் சொல்லும் நன்றியில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு.

இதற்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. நாம் மனப்பாடமாகச் சொல்லும் பொது ஸ்தோத்திரம் என்ற ஜெபம் 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில் சேர்க்கப்பட்டது. எட்வர்ட் ரெனால்ட்ஸ் என்ற பேராயர் எழுதியது என்பார்கள். அதன் வரிசையைக் கவனியுங்கள். நம்மைச் சிருஷ்டித்ததற்கும் காப்பாற்றி வருவதற்கும் இம்மைக்குரிய நன்மைகளுக்கும் முதலில் நன்றி சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக மீட்பின் அன்புக்கும், கிருபையின் வழிகளுக்கும், மகிமையின் நம்பிக்கைக்கும் சொல்கிறது. அதையும் நமக்கு மட்டும் என்று சொல்லாமல் எல்லா மனிதருக்கும் செய்த தயவு என்று சொல்கிறது. வீடு நின்றவரும் வீடு இடிந்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே சொல்லக்கூடிய ஜெபம் அது. அதன் பிற்பகுதி உங்கள் செவ்வாய்க்கிழமைக் கேள்விக்கும் வழி காட்டுகிறது: உதடுகளால் மட்டும் அல்லாமல் நடக்கையினாலும் துதியை விளங்கப்பண்ண வேண்டும் என்று கேட்கிறோம்.

சாட்சி நேரத்துக்கு முன்பாக எல்லோரும் எழுந்து நின்று அதைச் சேர்ந்து சொல்லும்படி ஏற்பாடு செய்து பாருங்கள். தனித்தனி நன்றிகள் அதன் பிறகு வந்தால், அவை பொது நன்றியின் நிழலில் நிற்கும்.

சாயர்புரம்_சபையான் | டிசம்பர் 8

மன்னிக்க வேண்டும், எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குஷ்டரோகிகள் பத்துப் பேர் சுத்தமானபோது ஒருவன் மட்டும் திரும்பி வந்து உரத்த சத்தத்தோடு தேவனை மகிமைப்படுத்தினான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். இன்னும் சுகமாகாதவர்கள் மனம் நோகும் என்று அவனும் மெதுவாகச் சொல்லியிருக்க வேண்டுமா? பெற்ற நன்மையைப் பெற்றவன் சொல்லத்தான் வேண்டும். புத்தகத்தில் எழுதிய ஜெபத்துக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால், மனதிலிருந்து பொங்கி வரும் நன்றிக்கு ஆலயத்தில் இடமே இல்லாமல் போய்விடும். எங்கள் அப்பா படிக்காதவர், பனையேறி. அவர் பேசிய ஒரே மேடை வருட முடிவு ஆராதனைதான். தாமும் தம் பிள்ளைகளும் அந்த ஆண்டு பட்டினி கிடக்கவில்லை என்று இரண்டு வாக்கியம் சொல்வார். அதற்கும் நேரக் கட்டுப்பாடு போடுவீர்களா?

ஓய்வுபெற்ற_வாத்தியார் | டிசம்பர் 8

உங்கள் அப்பாவின் இரண்டு வாக்கியத்துக்கு ஈடாக நான் எதையும் வைக்க மாட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். திரும்பி வந்த அந்தச் சமாரியன் மற்ற ஒன்பது பேரைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை.

இரவுப்பணி | டிசம்பர் 9

நான் சென்னையில் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். சொந்த ஊர் நாசரேத் பக்கம். கிறிஸ்துமஸ் இரவில் பெரும்பாலும் பணியில்தான் இருப்பேன் என்பதால் இந்த இழை எனக்கு நெருக்கமாக இருக்கிறது. முதலில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன்.

நன்றி என்ற சொல் எங்களைப் போன்றவர்களின் வாயை அடைப்பதற்கும் பயன்படுகிறது. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் ஒப்பந்தச் சம்பளம் மாதக் கணக்கில் பாக்கி இருந்தது. கேட்டபோது, வேலையில்லாமல் எத்தனை பேர் இருக்கிறார்கள், இருக்கிற வேலைக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார்கள். புகுந்த வீட்டில் அழுகிற பெண்ணிடமும் இதையேதான் சொல்கிறோம். குறைவுபட்ட கூலியைக் கேட்பது நன்றிகெட்டதனம் ஆகாது. யாக்கோபின் நிருபம், அறுப்பு அறுத்தவர்களின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்றும் அந்தச் சத்தம் கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் சொல்கிறது. ஆகவே நன்றியை அடுத்தவருக்கு உபதேசமாகக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். நான் பெற்றதற்கு நான் சொல்வதோடு சரி.

இனி என் செவ்வாய்க்கிழமையைச் சொல்கிறேன். செயற்கைச் சுவாசத்தில் இருந்த ஒரு நோயாளிக்கு மூச்சுக்குழாயை எடுத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்து, முதல் தேக்கரண்டித் தண்ணீரைக் கொடுக்கும் நேரம் ஒன்று உண்டு. உதடு வெடித்திருக்கும், நாக்கு தடித்திருக்கும். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதை விரல் வைத்துப் பார்ப்போம். அவர் கண்ணை மூடிக்கொள்வார். பேச்சு வராது, இன்னும் ஒரு கரண்டி என்று விரலைத் தூக்கிக் காட்டுவார். பணி முடிந்து வீட்டுக்கு வந்து குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு குடிக்கும்போது அவர் முகம் எனக்கு நினைவு வரும். தண்ணீருக்காக ஜெபிப்பது அதிலிருந்துதான் எனக்குப் பழக்கமாயிற்று.

இன்னொரு வழக்கமும் உண்டு. காலையில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்படும் முன், அந்த இரவில் எனக்கு உதவியவரிடம் அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டு நன்றி சொல்வேன். பொதுவாக நன்றி என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவது படுக்கைக்காரரை நள்ளிரவில் புரட்டிப் படுக்க வைக்கும்போது நீங்கள் இல்லாவிட்டால் என் இடுப்பு போயிருக்கும் அக்கா என்று சொன்னால், துப்புரவு செய்யும் அந்த அக்காவின் முகமே மாறுகிறது. கடவுளிடமும் அப்படி விவரமாகச் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

குளச்சல்_கடலோரம் | டிசம்பர் 10

நான் கத்தோலிக்கன், எங்கள் சொற்கள் கொஞ்சம் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தேரிக்காட்டான் அண்ணனின் கேள்வியோடு எங்கள் கடற்கரை 2004 முதல் வாழ்ந்து வருகிறது. சுனாமி வந்தது டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். குடிலில் குழந்தை இயேசுவை வைத்து ஒன்றரை நாள்கூட ஆகவில்லை. மணக்குடியில் பாலமே அடித்துக்கொண்டு போனது. கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் பொதுக் கல்லறைகள் தோண்ட வேண்டியிருந்தது. வடக்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணி மாதாவிடம் நன்றி சொல்ல வந்த திருப்பயணிகள் பலரும் அதில் அடக்கம்.

இந்தக் கடைசிச் செய்தியை யோசித்துப் பாருங்கள். நன்றி சொல்ல வந்தவர்களையே கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, கடவுள் என்னைத் தனியாகக் காத்தார் என்று எங்கள் ஊரில் எவரும் உரக்கச் சொல்லிக் கேட்டதில்லை. எவரும் தடை போடவில்லை. நாக்கு வரவில்லை, அவ்வளவுதான். என் அத்தை மகன் அந்தக் காலையில் போனான். நான் அவனோடு கரைக்குப் போயிருக்க வேண்டியவன். முந்தின இரவுத் திருப்பலி முடிந்து வந்த அசதியில் தூங்கிவிட்டேன். நான் பிழைத்ததற்கு நன்றி சொன்னால் அத்தையின் முகத்தில் எப்படி விழிப்பேன்? பல ஆண்டுகள் எதுவுமே சொல்லாமல்தான் இருந்தேன்.

எங்கள் ஊரில் பிறகு உருவான வழக்கத்தைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் இரவில் குடிலைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் மறுநாள் கல்லறைக்கும் போகிறார்கள். இரண்டுக்கும் பூ ஒரே கடையில்தான் வாங்குகிறோம். மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றோ, துக்கத்தை மறைக்க வேண்டும் என்றோ எவரும் சொல்வதில்லை. சங்கீதங்கள் 150இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான் என்பது நமக்குத் தெரியும்; அவற்றையும் இறைவேண்டலாகத்தானே பாடுகிறோம். ஆலயத்தில் நன்றிக்கு ஒலிபெருக்கி கொடுக்கும் நாம், ஏன் ஆண்டவரே என்று கேட்பவருக்கும் அதே ஒலிபெருக்கியைக் கொடுத்தால், அண்ணன் சொன்ன அந்தத் தாய் ஆமென் என்ற ஒரு சொல்லோடு வீடு திரும்பியிருக்க மாட்டார்.

எனக்கு வாய் திறந்தது ஆன்ம சோதனையால்தான். முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியாரை எங்களுக்குத் தெரியும். கோட்டாறு திருவிழா டிசம்பர் 3இல் முடிந்துதான் எங்கள் கிறிஸ்துமஸ் காலம் களைகட்டும். அவருடைய தோழரும் வழிகாட்டியுமான இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த இரவு வேண்டல் அது. அன்றைய நாளைக் காலையிலிருந்து படிப்படியாக நினைத்துப் பார்க்க வேண்டும். பாவத்தை எண்ணும் முன் பெற்ற நன்மைகளை எண்ணி நன்றி சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த ஒழுங்கு. பெரிய நன்மை எதையும் தேடாமல், வலை கிழியாமல் வந்தது, கரையில் டீ வாங்கிக் கொடுத்தவன், பழைய கடனைக் கேட்காமல் சிரித்துவிட்டுப் போன ஐஸ் கட்டிக்காரர் என்று எண்ணத் தொடங்கினேன். உயிரோடு இருப்பதற்கு நன்றி சொல்ல முடியாமல் இருந்தவன், உயிரோடு இருந்ததால் மட்டுமே கிடைத்த இந்தச் சின்னச் சின்னவற்றுக்குச் சொல்லிச் சொல்லி, ஒரு நாள் உயிருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அத்தையிடம் அதைச் சொன்னபோது அவர் என் தலையில் கை வைத்தார்.

சாயர்புரம்_சபையான் | டிசம்பர் 10

தம்பி, இதற்கு நான் என்ன எழுதுவது. புலம்புகிறவருக்கும் ஒலிபெருக்கி கொடுக்க வேண்டும் என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். சாட்சியைச் சுருக்கக் கூடாது என்ற என் நிலையில் மாற்றமில்லை. அதை இன்னும் அகலமாகத் திறக்கலாம்.

கைப்பிடி_அரிசி | டிசம்பர் 11

எங்கள் சேகரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறேன். பெரியவர்கள் வேதத்தையும் சரித்திரத்தையும் எழுதியிருக்கிறீர்கள். நான் அடுப்படியிலிருந்து எழுதுகிறேன்.

கைப்பிடி அரிசி இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன். உலை கொதிக்கும்போது அன்றைக்கு அளந்து வைத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆலயத்துக்கென்று வைத்த டப்பாவில் போட வேண்டும். எங்கள் மாமியார் வைத்திருந்தது மூடி துருப்பிடித்த பிஸ்கட் டின். கழுவிய அரிசியைப் போட்டால் புழுத்துவிடும் என்பதால் கழுவுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். பூச்சி வராமல் இருக்க இரண்டு வேப்பிலையோ காய்ந்த மிளகாயோ கிடக்கும். மாதம் ஒருமுறை கூட்டத்துக்குக் கொண்டுபோய் எல்லோருடைய அரிசியையும் ஒன்றாகக் கொட்டுவோம். பொன்னியும் ரேஷன் அரிசியும் புழுங்கலும் பச்சரிசியும் கலந்துவிடும். அதைப் பிரிக்க முடியாது. யார் போட்டது என்று காட்டவும் முடியாது. காணிக்கைப் பட்டியலில் பெயரை வாசிக்கிறார்கள், இதில் வாசிப்பதில்லை. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அந்தப் பிடியை எப்போது எடுக்கிறோம் என்று பாருங்கள். சாப்பிட்டு வயிறு நிறைந்தபின் எடுப்பதில்லை. சமைக்கும் முன் எடுக்கிறோம். மாலையில் எத்தனை விருந்தாளி வருவார்கள், வேலைக்குப் போனவர் கூலியோடு வருவாரா என்று தெரியாதபோதே எடுக்கிறோம். மிச்சம் உள்ளது போதும் என்று நம்பினால்தான் கை டப்பாவுக்குப் போகும். நன்றியும் விசுவாசமும் எனக்கு அங்கேதான் ஒன்றாகத் தெரிகின்றன. சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா போனபோது பானையில் ஒரு பிடி மாவுதானே இருந்தது. அதில் முதல் அடையைத் தீர்க்கதரிசிக்குச் சுடச் சொன்னபோது அவள் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று வீட்டில் அரிசி குறைந்த நாள்களில் நினைத்துக்கொள்வேன்.

வெள்ளம் வந்த வாரத்தில் எங்கள் சங்கத்தின் அரிசி மூட்டை ஆலயத்தின் மாடியறையில் இருந்ததால் நனையவில்லை. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு வைத்திருந்த அண்டாவை இறக்கி, ஆண்கள் ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்க, அந்த அரிசியைத்தான் பொங்கினோம். பிரதிஷ்டைப் பண்டிகை அசனம் என்றால் கறிக்குழம்பு இருக்கும். அன்றைக்கு உப்பும் ஊறுகாயும் மட்டும்தான். எங்கள் சபையார் என்றோ வேறு மதத்தார் என்றோ எவரும் கேட்கவில்லை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனபோது அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்ததைப் பொங்கிக் கொடுத்ததை நாடே பார்த்தது. பல ஊர்களிலும் அந்த வாரம் இதுதான் நடந்தது.

ஆகவே தேரிக்காட்டான் தம்பிக்கு என் பதில்: வீடு தப்பிய சகோதரர் சாட்சி சொல்லட்டும். அவர் வீட்டு அடுப்பும் தப்பியது அல்லவா? அந்த அடுப்பில் யாருக்கு என்ன சமைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | டிசம்பர் 11

அக்கா எழுதியதற்கு ஒரு சிறு துணைச் செய்தி. மிசோரத்தில் 1910 முதல் சபைப் பெண்கள் இதே கைப்பிடி அரிசியைச் சேர்த்து வருகிறார்கள். அங்கே பெரிய ஊழியங்களுக்கே அது ஆதாரமாக இருக்கிறது. 1903இல் நம் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது, ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாகவே இருக்க வேண்டும் என்று வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா உள்ளிட்டோர் உறுதிகொண்டார்கள். பனங்காட்டு ஏழைகளின் சிறு காணிக்கைகளை நம்பித்தான் அவர்களால் அந்த முடிவை எடுக்க முடிந்தது.

ஆத்தூர்_கொடிக்கால் | டிசம்பர் 12

நான் கிறிஸ்தவன் அல்ல. ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். அக்கா சொன்ன மாதிரியான ஓர் அண்டாச் சோற்றை அந்த வாரத்தில் நானும் சாப்பிட்டேன். பக்கத்து ஊர் ஆலயத்திலிருந்து வந்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இருந்தது. இந்த இழையைப் பார்த்ததால் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் கொடிக்கால் முழுவதும் தண்ணீருக்குள் போய் அழுகிவிட்டது. கொடிக்கால் என்பது நெல்லைப் போல அடுத்த போகத்தில் மீண்டுவிடும் பயிர் அல்ல. அகத்தி விதை போட்டு, அது கொடியைத் தாங்கும் அளவு வளர வேண்டும். கொடி நட்டு, கட்டி ஏற்றி, முதல் இலைக் கிள்ளுக்கு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை வருமானம் கிடையாது. அந்த மார்கழியில் எங்கள் வீட்டு வாசலில் கோலமே போடவில்லை. போட வாசல் இல்லை, சேறுதான் இருந்தது. தை பிறந்தபோது பொங்கல் வைப்பதா என்று அப்பாவிடம் கேட்டேன். சூரியன் வந்துதானே இந்தச் சேற்றைக் காய வைக்கிறது, வை என்றார்.

தாமிரபரணியைப் பற்றியும் எனக்குள் இதே கேள்வி இருந்தது. கொடிக்காலைக் கொன்றது அந்த ஆறு. மறுபடி நட்ட கொடிக்குத் தண்ணீர் தருவதும் அதே ஆறு. ஆற்றைக் கும்பிடுவதை அப்பா நிறுத்தவில்லை. ஆனால் குளக்கரைகளை மராமத்துப் பார்க்காததையும் ஓடைகளை அடைத்ததையும் கேட்டு மனு எழுதுவதையும் அவர் நிறுத்தவில்லை. செவிலியர் சகோதரி எழுதியதைப் படித்தபோது அப்பாவின் நினைவுதான் வந்தது. கும்பிடும் கையால்தான் மனுவும் எழுதுகிறார்.

இரவுப்பணி | டிசம்பர் 12

அண்ணா, உங்கள் அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கொடி இப்போது எப்படி இருக்கிறது?

ஆத்தூர்_கொடிக்கால் | டிசம்பர் 12

கிள்ளு நடக்கிறது, சகோதரி. முன்பிருந்த பரப்பில் பாதிக்குத்தான் நட முடிந்தது.

தேரிக்காட்டான் | டிசம்பர் 14

எல்லோருக்கும் நன்றி. குளச்சல் தம்பி எழுதியதைப் படித்த அன்று எனக்கு ஒன்று தோன்றியது: அந்தத் தாயைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறோம், அவரிடம் எவரும் கேட்கவில்லை. நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போனேன். இப்போது அரசு உதவியும் சபையின் உதவியும் சேர்த்துக் கட்டிய ஓர் அறையும் தகரக் கூரையும் இருக்கின்றன. பூச்சு வேலை பாக்கி. கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். சாட்சி சொன்னவர் மேல் வருத்தம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். அந்தச் சகோதரர் வீடு தப்பியதில் தமக்கும் சந்தோஷம்தான் என்றார். தெருவில் ஒரு வீடாவது நின்றதால்தான் சமைத்துச் சாப்பிட ஓர் அடுப்பு இருந்தது, முதல் இரண்டு நாள் அவர் மனைவிதான் பிள்ளைகளுக்குக் கஞ்சி கொடுத்தார் என்றார். ஆமென் சொன்னதை மனதாரத்தான் சொன்னாராம். வேறொன்றுதான் வலித்தது என்றார்: ஆராதனை முடிந்து எல்லோரும் ஒருவருக்கொருவர் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கியபோது, என்ன பேசுவது என்று தெரியாமல் பலர் அவரைப் பார்த்தும் பாராததுபோலக் கடந்து போனார்கள். முகாமுக்கு அவர் தனியாக நடந்து போயிருக்கிறார்.

நான் இத்தனை நாள் சாட்சியின் சொற்களையே எடை போட்டுக்கொண்டிருந்தேன். அவருக்குத் தேவையாக இருந்தது கூட நடந்து வர ஓர் ஆள். கஞ்சி கொடுத்த அந்தச் சகோதரியின் பெயரும் அன்றைய சாட்சியில் வரவில்லை. வந்திருந்தால் சபை முழுவதும் அவருக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கும்.

இன்று காலை ஆராதனைக்குப் பின் மீண்டும் கூடினோம். சாயர்புரம் அண்ணன் மகிழ்வார். சாட்சி நேரத்தைக் குறைக்கவில்லை. தொடக்கத்தில் பொது ஸ்தோத்திரத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். சாட்சி சொல்கிறவர் இந்த ஆண்டில் தமக்கு உதவிய ஒருவரையாவது, செய்த உதவியோடு சேர்த்துக் குறிப்பிடும்படி கேட்டுக்கொள்வோம். துக்கத்தைச் சொல்ல விரும்புகிறவருக்கும் அதே நேரம் உண்டு. அவர் பேசியதும் எவரும் ஆறுதல் வசனம் சொல்லி முடித்துவைக்காமல், ஒரு புலம்பல் சங்கீதத்தைச் சபையாக வாசிப்போம் என்று குருவானவரே சொன்னார். துக்கத்துக்கு நேரம் கொடுப்பதை இரண்டு பேர் எதிர்த்தார்கள்; பண்டிகை இரவில் துக்கம் எதற்கு என்பது அவர்கள் வாதம். அவர்களோடு இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

சாயர்புரம்_சபையான் | டிசம்பர் 14

அந்த இரண்டு பேரிடமும் குளச்சல் தம்பியின் பதிவைப் படிக்கக் கொடுங்கள். புலம்பலுக்குத் தெரிந்தெடுத்த சங்கீதம் எது? பதின்மூன்றாம் சங்கீதம் சிறியது; எதுவரைக்கும் கர்த்தாவே என்று தொடங்குவது. படிக்கத் தெரியாதவர்களும் சேர்ந்து சொல்ல எளிதாக இருக்கும்.

கைப்பிடி_அரிசி | டிசம்பர் 15

பூச்சு வேலை பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. எங்கள் சங்கத்தில் இந்த ஆண்டு சேர்ந்த அரிசியை 28ஆம் தேதி ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஏலம் விடுகிறோம். வாங்குகிறவர்கள் சந்தை விலைக்கு மேல்தான் கேட்பார்கள். சிலர் வாங்கிய மூட்டையை மறுபடி ஏலத்துக்கே கொடுப்பதும் உண்டு. அந்தத் தொகையில் ஒரு பகுதியைச் சிமெண்டுக்கும் மணலுக்கும் கொடுக்கலாம் என்று உறுப்பினர்களிடம் கேட்டிருக்கிறேன், பெரும்பாலோர் சரி என்றுவிட்டார்கள். எத்தனை மூட்டை சிமெண்டு தேவைப்படும் என்று கொத்தனாரிடம் கேட்டு எழுதுங்கள். கூலிக்குப் பதிலாக எங்கள் வாலிபர் சங்கப் பிள்ளைகள் ஆறேழு பேர் சித்தாள் வேலைக்கு வருவார்கள். ஜனவரி முதல் வாரம் பள்ளி திறப்பதற்கு முன் முடித்துவிட்டால் நல்லது.

தேரிக்காட்டான் | டிசம்பர் 15

நாளைக் காலை கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் அக்கா. சுவரை அளந்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.